பாப்பம்மாவின் இடது கன்னம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் ஆண்டு மார்ச் மாதம் வடக்கு வட்டார முக ஒப்புநோக்கு அலுவலகம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. குடியுரிமைக்கு விண்ணப்பிப்போர் இணைக்கும் புகைப்படத்தில் முகத்தின் இடது பாதியும் வலது பாதியும் 'இயன்றவரை சமமாக' இருத்தல் வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. காரணம் கூறப்படவில்லை. சுற்றறிக்கைக்குக் காரணம் கேட்கும் வழக்கம் தோட்டப்புறத்தில் இல்லாததால் அது ஒரு குறையாக யாருக்கும் தோன்றவுமில்லை. அலுவலகம் சுங்கைப்பட்டாணியில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. மக்கள் அதை மூஞ்சி ஆபீஸ் என்றார்கள்.

சுற்றறிக்கையால் முதலில் பயனடைந்தவர் பிரிஜெட். பீடோங்கில் சைக்கிள் கடைக்கு மேலே அழகு நிலையம் வைத்திருந்தார். பினாங்கில் மூன்று மாதம் பயிற்சி பெற்றவர். அதுவரை மணப்பெண்களுக்குக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தவர், 'முகச் சமநிலைச் சிகிச்சை' என்று பலகை எழுதி மாட்டினார். 'கத்தி இல்லை, ஊசி இல்லை, செய்தது யாருக்கும் தெரியாது' என்பது பலகையின் இரண்டாவது வரி.

சிகிச்சைக்குப் பிறகும் எந்த மாற்றமும் தெரியவில்லை என்று முறையிட வந்த பெண்களுக்கு அவர் அந்த வரியைக் காட்டினார். கணவருக்குத் தெரியவில்லையா? பக்கத்து வீட்டுக்கும் தெரியவில்லையா? அப்படியானால் வேலை சுத்தமாக முடிந்திருக்கிறது. வந்தவர்கள் யோசித்துப் பார்த்துவிட்டு, சிலர் இரண்டாம் முறைக்கும் பெயர் கொடுத்துவிட்டு இறங்கினார்கள். ஆகஸ்டுக்குள் பீடோங் பஸ் நிறுத்தத்தில் நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாதி பாதியாகப் பார்க்கப் பழகிவிட்டார்கள். ஆண்களும் வந்தார்கள், தலைவலிக்கு நீவிக்கொள்ள வந்ததாகச் சொல்லிக்கொண்டு.

பாப்பம்மா சிடாம் கிரிப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டுபவர். வயது நாற்பத்தொன்பது. அதே தோட்டத்தில் பிறந்தவர்தான். ஆனால் அவர் பிறந்த வாரத்தில் தோட்டத்து எழுத்தரான கிராணி விடுமுறையில் இருந்ததால் பிறப்பு பதிவாகவில்லை. அதனால் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை, சிவப்பு ஐசி. முப்பது வருடமாக வெற்றிலையை இடது கன்னத்திலேயே அடக்கி வந்ததில் அந்தக் கன்னம் ஒரு பலாச்சுளை அளவுக்கு முன்னே வந்திருந்தது. இதுவரை அதனால் தொல்லை ஏதும் இருந்ததில்லை.

இப்போது இருந்தது. டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் குடிமக்களுக்கான நீல ஐசி காட்டாதவர்களின் பெயர் ஜனவரி முதல் பெரட்டில் கூப்பிடப்படாது என்று தோட்ட நிர்வாகம் அறிவித்துவிட்டது. காலைப் பெரட்டில் பெயர் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுக் காளியம்மாவுக்கும் இதே நிலைதான். இருவரும் பஸ் ஏறி பிரிஜெட்டிடம் போனார்கள்.

பிரிஜெட் மூக்கு நுனியிலிருந்து காது வரை நூல் பிடித்துப் பார்த்து, இடது பக்கம் அரை அங்குலம் கூடுதல் என்று அறிவித்தார். முட்டை வெள்ளைக்கரு பூச்சு, ஐஸ் ஒத்தடம், விரல் நீவல் எல்லாம் உண்டு. ஆனால் வெற்றிலையை நிறுத்தினால்தான் முழுப்பலன் என்றார்.

"மூச்சை வேணா நிறுத்தறேன்," என்றார் பாப்பம்மா.

"அப்ப பக்கத்தை மாத்துங்கக்கா. நாப்பது நாளைக்கு வலது கன்னத்துல அடக்குங்க. அது ஏறும், இது இறங்கும். நடுவுல எங்கயாவது சமமாயிடும்."

"முப்பது வருசமா அங்கயே இருக்கு. இடம் மாறச் சொன்னா மாறுமா?"

"ஆளையே இடம் மாறச் சொல்றான் தோட்டத்துல," என்றார் காளியம்மா. "வெத்தலை என்ன பெரிசு லா."

நாற்பது நாள் நடந்தது. முதல் வாரம் பாப்பம்மா நாக்கை நான்கு முறை கடித்துக்கொண்டார். இடது பக்கம் திரும்பித் துப்பியே பழகியவர் வலது பக்கம் துப்பியதில் ஒருநாள் பால் வாளி சிவந்துபோய், மரத்துக்குப் புதுவியாதி வந்துவிட்டதாகக் கிராணி துரைக்கு அறிக்கை எழுதினார். கணவர் இருளப்பன் மனைவியின் முகத்தை ஒரு மாலை முழுக்கப் பார்த்துவிட்டு, வீட்டில் யாரோ விருந்தாளி இருப்பது போல் இருக்கிறது என்றார். நாற்பதாம் நாள் பிரிஜெட் நூலைப் பிடித்தார். இரு பாதியும் சமம்.

டிசம்பர் பதினொன்றாம் தேதி பாப்பம்மா அலுவலகத்துக்குப் போனார். முதல் கவுண்டரில் பிரேமாவதி என்ற எழுத்தர் புதுப் புகைப்படத்தின் மீது அடிக்கோல் வைத்துப் பார்த்து, 'சமம்' என்று முத்திரை குத்தி இரண்டாவது கவுண்டருக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் லியோனார்ட். பழைய சிவப்பு ஐசியில் உள்ள படத்தையும் வந்திருப்பவர் முகத்தையும் ஒப்பிடுவது அவர் வேலை. வெகுநேரம் ஒப்பிட்டார்.

"இந்தப் படத்துல இருக்கிறவங்களுக்கு இடது கன்னம் பெரிசும்மா."

"அது நான்தாங்கய்யா. வெத்தலை போட்டிருந்தேன்."

"உங்களுக்கு ரெண்டும் சமமா இருக்கே."

"சமமா இருக்கணும்னு பக்கத்துல சொன்னாங்களே."

"அது அவங்க பிரிவு. அங்க முகம் சமமா இருக்கணும். இங்க முகம் உங்களோடதா இருக்கணும்."

பாப்பம்மா இடுப்புப் பையை அவிழ்த்து, ஒரு வாய் வெற்றிலை மடித்து இடது கன்னத்தில் அடக்கினார். கன்னம் எழுந்தது. படம் பொருந்தியது. லியோனார்டே தலையசைத்தார். ஆனால் அவர் தலைக்கு மேலே, அலுவலகத்துக்குள் வெற்றிலை மெல்லக் கூடாது என்ற அறிவிப்பு மூன்று மொழிகளில் தொங்கியது. வெற்றிலை இருந்தால் அவர் பாப்பம்மா, ஆனால் உள்ளே நிற்கக் கூடாது. வெற்றிலை இல்லாவிட்டால் உள்ளே நிற்கலாம், ஆனால் பாப்பம்மா இல்லை. வாசலுக்கு வெளியே நின்று காட்டுகிறேன் என்றார் பாப்பம்மா. வாசலுக்கு வெளியே நிற்பவர் விண்ணப்பதாரர் அல்லர், வழிப்போக்கர் என்று லியோனார்ட் வருத்தத்துடன் விளக்கினார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

லியோனார்ட் கெட்டவர் அல்லர். 'முகம் மாறியுள்ளது' என்று நிராகரிப்புக் கடிதம் கொடுத்த கையோடு, தலைமையகத்துக்கு ஆலோசனை கேட்டும் எழுதினார்.

நிராகரிப்புக் கடிதத்தைப் பிரிஜெட் கேட்டு வாங்கிப் படி எடுத்துச் சட்டம் போட்டு மாட்டினார். அவருடைய சிகிச்சையில் மாற்றம் தெரிந்ததாக எழுத்தில் ஒப்புக்கொண்ட முதல் வாடிக்கையாளர் அரசாங்கம்தான். பலகையின் இரண்டாவது வரியும் திருத்தப்பட்டது: 'செய்தது அரசாங்கத்துக்கு மட்டுமே தெரியும்.' அந்த வாரம் சைக்கிள் கடைக்காரர் தன் படிக்கட்டில் ஏற முடியாமல் தவித்தார்.

இருபத்திரண்டாம் தேதி தலைமையகத்தின் பதில் வந்தது. விண்ணப்பதாரர் ஒரு வாய் வெற்றிலையை, ஒரே ஒரு முறை, இரு அதிகாரிகள் முன்னிலையில், இடது கன்னத்தில் அடக்கிக்கொள்ள அனுமதிக்கப்படுகிறார். அலுவலக எல்லைக்குள் துப்புதல் ஆகாது. ஒப்புநோக்கின்போது அவர் தம் பெயரைத் தெளிவாகக் கூற வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஒப்புநோக்கு நடந்தது. பிரேமாவதி சாட்சி. பாப்பம்மா வெற்றிலையை அடக்கினார். லியோனார்ட் இடது கண், வலது கண், மூக்கு, கன்னம் என்று வரிசையாகக் குறித்து முடிப்பதற்குள் இருபது நிமிடம் ஆகிவிட்டது. வாய் நிறைந்துவிட்டது.

"உங்க பெயர் என்னம்மா?"

 வாயைத் திறந்தால் சாறு கோப்பின் மேல் விழும். துப்பினால் விதிமீறல். விழுங்கினால் கன்னம் இறங்கி வேறு ஆளாகிவிடுவார். லியோனார்ட் மூன்று முறை கேட்டார். பாப்பம்மா மூன்று முறையும் அவரையே பார்த்தார். கண்ணில் நீர் கோத்திருந்தது. லியோனார்ட் பேனாவை எடுத்து, 'விண்ணப்பதாரர் தம் பெயரை மறுக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பாப்பம்மா படியிறங்கி ஓடினார்.

இருபத்தெட்டாம் தேதி நீல ஐசி கைக்கு வந்தது. கூடவே 'முகம் பொருந்தியது' என்று ஒரு சான்றிதழ். அந்த ஆண்டு வட்டாரத்தில் விண்ணப்பித்த நானூற்றுப் பன்னிரண்டு பேரில் அந்தச் சான்றிதழ் பெற்றவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் வயதாகியிருந்தார்கள், அல்லது மெலிந்திருந்தார்கள், அல்லது பிரிஜெட்டிடம் போயிருந்தார்கள்.

வெற்றியில் மகிழ்ந்த தலைமையகம் அன்றே இன்னொரு சுற்றறிக்கை விட்டது. காலதாமதத்தைத் தவிர்க்கும் பொருட்டு, இனி விண்ணப்பதாரரின் முகம் அவருடையதே என்று, முறைப்படி முகம் பொருந்திய குடிமகன் ஒருவர் கைரேகை வைத்துச் சான்றளித்தால் போதும். அலுவலகம் மேற்கொண்டு எதையும் பார்க்காது.

அத்தகைய குடிமகன் வட்டாரத்திலேயே ஒருவர்தான் இருந்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை காலை பாப்பம்மா வீட்டு வாசலில் முப்பது பேர் நின்றார்கள். அலுவலக வரிசையில் சிரித்தவர்களும் நின்றார்கள். கிராணி தன் மாமியாருக்காக நின்றார். பாப்பம்மா கேட்டவர்களுக்கெல்லாம் ரேகை வைத்தார். பதினொரு பேருக்கு வைத்து முடித்தபோது லியோனார்ட் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, சான்றளிப்பவரின் பொறுப்பை விளக்கினார். ஒரு முகம் தவறாகப் போனாலும் சான்றளித்தவரின் நீல ஐசி மறுபரிசீலனைக்கு உட்படும்.

பாப்பம்மா மை டப்பாவை மூடினார். இருளப்பன் உள்ளேயிருந்து ஒரு மேசையும் நாற்காலியும் கொண்டுவந்து போட்டார். அதன்பிறகு ஆட்கள் ஒவ்வொருவராக வரவேண்டும், பேசாமல் நிற்கவேண்டும், ஐசியைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடிக்கவேண்டும் என்று ஆயிற்று. பொருந்தாதவர்களைப் பழைய படத்துக்கு ஏற்ற மாதிரி திருத்திக் கொடுக்கப் பிரிஜெட் லயத்துக் கோடியில் ஒரு பெஞ்சு போட்டு உட்கார்ந்தார். பால்வெட்டு முடித்து வெட்டுக்காட்டிலிருந்து வந்தவர்கள் மேசையைக் கண்டதும் தாமாகவே செருப்பைக் கழற்றினார்கள்.

காளியம்மா சனிக்கிழமை மாலைதான் வந்தார். பக்கத்து வீடுதானே, கூட்டம் ஓயட்டும் என்று இருந்துவிட்டார். கெடுவுக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. ஐசியைக் கன்னத்தோடு பிடித்தார். படத்தில் வலது கன்னம் நிறைந்திருந்தது.

"ஒட்டிப்போச்சே காளி," என்றார் பாப்பம்மா.

"கடைவாய்ப் பல்லு போனதுலதான. பிடுங்கறப்ப நீதான் என் கையைப் பிடிச்சிக்கிட்டு ஆஸ்பத்திரியில இருந்த. என்னைத் தெரியாதா உனக்கு?"

பாப்பம்மா ஐசியை வாங்கி ஒருமுறை பார்த்தார். முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு ஐசியைத் திருப்பி மேசைமேல் வைத்தார்.

"தெரியும் காளி. தெரியும்ங்கிறதுக்காக ரேகை வைக்க முடியாது லா. கொஞ்சம் தள்ளி நில்லு, பின்னால ஆளு நிக்குது."