சூப்பில் நனைந்த சபதம்

ஜுமாதிலின் மீசை சூப்பில் நனையத் தொடங்கிவிட்டது. மனைவி குல்பைரா கிண்ணத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"நுனியையாவது வெட்டுங்க. உங்களுக்கு வாய்னு ஒண்ணு இருந்ததே மறந்துபோச்சு."

"நுர்சுலு வாசிக்கட்டும், வெட்டுறேன்."

அதுதான் சபதம். முதல் பனி விழுந்தபோது, நாரின் என்ற அவர்கள் மலையூரின் வேன் நிலையத்தில் மற்ற டிரைவர்கள் எல்லோர் முன்னாலும் செய்தது. முதல் வகுப்புப் பிள்ளைகள் எழுத்துகளை முடித்ததும் வசந்தத்தில் அரிச்சுவடித் திருநாள் வரும். ஒவ்வொரு பிள்ளையும் மேடையேறி ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். மகள் நுர்சுலு வாசிக்கும்வரை மேலுதட்டில் கத்தி படாது என்றுவிட்டார் ஜுமாதில். அன்றைய விருந்துக்கு ஆடு சொல்லியாயிற்று, மாமனார் வீட்டுக்கும் சொல்லியாயிற்று. வாசிக்காவிட்டால் மறுபடியும் முதல் வகுப்புதான் என்று டீச்சர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

அவர் குலத்தில் பல ஆண்களுக்கு மீசை பெயரளவுக்குத்தான். ஜுமாதிலுக்கு மட்டும் கடவுள் வாரி வழங்கியிருந்தார். அது குதிரை வால் போல இறங்கியது.

அவர் எழுத்தின் ஒலியைச் சொல்வார், மகள் புத்தகத்தில் அதைத் தொட வேண்டும். சபதத்துக்கு முன் பாதியாவது சரியாகத் தொட்டவள், இப்போது அப்பா முகத்தை உற்று உற்றுப் பார்த்துவிட்டுக் கை போன இடத்தைத் தொட்டாள். அவர் குரலை உயர்த்தினார். பக்கத்து வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது, எழுத்து மட்டும் வரவில்லை. தோற்கத் தோற்க அவருக்கு ரோஷம் ஏறியது. மீசையும் அதன் பங்குக்கு வளர்ந்தது.

காதைச் சோதித்துப் பாருங்கள் என்றார் டீச்சர் ஒருமுறை. ஜுமாதிலுக்குச் சிரிப்பு வந்தது. சில நாள் முன்புதான், குளிருக்கு இறுகச் சாத்திய இரட்டைக் கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே நின்று, மிட்டாயை அலமாரி மேல் ஒளித்ததைக் குல்பைரா அவரிடம் முணுமுணுத்தாள். முற்றத்தில் நின்ற நுர்சுலு நேராக உள்ளே வந்து நாற்காலி போட்டு அதை எடுத்தாள். ஓநாய்க்குக்கூட அப்படிக் காது கிடையாது. பிள்ளைக்கு வெறும் சோம்பல், அதுவும் அம்மா வழிச் சோம்பல் என்று தீர்ப்புச் சொன்னார். அன்று அவருக்குச் சூப்பே கிடைக்கவில்லை.

திருநாள் நெருங்கியது. பள்ளி விடுமுறையில் மகளை வேனின் முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டு, தலைநகர் பிஷ்கெக் போகும் வழியெல்லாம் பாடம் நடத்தினார். கண் சாலையில், குரல் மகளிடம். பின்னாலிருந்த பயணிகளும் பரிதாபப்பட்டு ஆளுக்கொரு எழுத்தைக் கத்தினார்கள். ஒரு பெரியவர் பாடியே காட்டினார். நுர்சுலு புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

ஜுமாதில் டீக்கடை ஒன்றில் வேனை நிறுத்தி, அவள் எதிரே குந்தினார்.

"நான் உனக்கு என்னதான் செய்யட்டும், கண்ணு?"

நுர்சுலு அவர் மீசையைப் பார்த்தாள். "என்னப்பா?"

வழியெல்லாம் அவர்களையே கவனித்துக்கொண்டு வந்த பயணி ஒருத்தி, பொரித்த ரொட்டித் துண்டுகள் இருந்த தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். பிள்ளையைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"ரெண்டு போதும், அக்கா," என்றாள் நுர்சுலு.

ஜுமாதில் திரும்பினார். "என்ன கேட்டீங்க?"

"எத்தனை வேணும்னு."

"எனக்கே கேக்கல, பாத்தீங்களா? இந்தக் காதைப் போய்ச் சோதிக்கச் சொல்றாங்க அந்த டீச்சர்." மகள் அழுத கவலைக்கு நடுவிலும் அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. ஜன்னல் கதையையும் ஓநாயையும் விடாமல் சொல்லி முடித்தார்.

அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"நான் குரலே எடுக்கல, அண்ணே, உதட்டை மட்டும்தான் அசைச்சேன்; பிள்ளைங்க காது பாக்குறதுதான் என் வேலை, இவ இத்தனை நாளும் உங்க வாயைப் பாத்துத்தான் கேட்டிருக்கா, அதனால காதுக்கு மெஷின் அப்புறம் வைக்கலாம், முதல்ல அந்த மீசையை எடுங்க."