பயனாளி கையெழுத்து

அறுவை சிகிச்சை வார்டின் நாற்பது விரிப்புகளையும் விழுங்கிவிட்டு, புதுச் சலவை இயந்திரம் கதவைப் பூட்டிக்கொண்டது. சிவப்பு விளக்கு எரிந்தது.

சலவைக்காரர் கதவைத் தட்டிப் பார்த்தார். அந்த ஆஸ்பத்திரியில் பதினோரு வருடமாகத் தற்காலிகமாகவே இருப்பவர் அவர்.

"மூணு மணிக்கு வெளிநாட்டுக் குழு வருது," என்றார் ஆஸ்பத்திரி குமாஸ்தா. "மெஷின் நல்லா ஓடுதுன்னு பயனாளி கையெழுத்து விழுந்தா, நாளைக்கே உங்களுக்கு நிரந்தர உத்தரவு. பெரிய டாக்டரே சொல்லிட்டார்."

"விழலைன்னா?"

"பதினொண்ணு பன்னெண்டாகும்."

இயந்திரத்தை இலவசமாகக் கொடுத்த நாடு, கூடவே ஓர் இன்ஜினியரையும் மொழிபெயர்ப்பாளரையும் அனுப்பியிருந்தது. இன்ஜினியர் எட்டிப் பார்த்து நீளமாக ஏதோ பேசினார்.

"தண்ணி சரியில்லையாம்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

விஷயம் இதுதான். அந்த ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். சூடாக்கினால் அது இயந்திரத்தின் சூடேற்றும் கம்பியில் பாறைபோலப் படியும். அதை முன்கூட்டியே மோப்பம் பிடிக்க இயந்திரத்துக்குள் ஒரு குட்டிக் கருவி இருக்கிறது. பிடித்ததும் அது வேலையை நிறுத்திவிடும். உள்ளே தண்ணீர் நிற்கும்போது யாராவது திறந்தால் அறை முழுக்க வெள்ளமாகிவிடும் என்பதால் கதவையும் பூட்டிவிடும். அருமையான ஏற்பாடு. நாற்பது நோயாளிகள் வெறும் மெத்தையில் படுத்திருக்காவிட்டால் உட்கார்ந்து ரசிக்கலாம்.

"அதுக்கொரு வடிகட்டி இருக்காம். அதுவும் அன்பளிப்புதான்."

வடிகட்டி அவர்கள் வந்த வேனிலேயே தயாராக இருந்தது. இயந்திரத்தின் மேலிருந்த அதே நீல முத்திரை அதன் மேலும் இருந்தது. பொருத்தினார்கள். வடிகட்டி வழியே தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது.

"தள்ளிவிட ஒரு மோட்டார் வேணுமாம்."

வேனிலிருந்து மோட்டார் இறங்கியது. நீல முத்திரை. சுவிட்சைப் போட்டதும் வார்டில் மின்விசிறிகள் நின்றன.

"யாருய்யா அது?" என்று மாடியிலிருந்து நர்ஸ் கத்தினார்.

"ஜெனரேட்டர் இருக்காம்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"அதுவும் அன்பளிப்பா?"

"ஆமா. டீசல் மட்டும் நீங்க ஊத்திக்கணும்."

இதற்குள் சாப்பாடு கொண்டுவந்த சலவைக்காரரின் மனைவி, நிலைமையைப் பார்த்துவிட்டு, மூலையில் கிடந்த பன்னிரண்டு பழைய விரிப்புகளைக் கல்லில் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். ஜெனரேட்டர் இருமிக்கொண்டு கிளம்பியது. முதல் புகை நேராகக் கொடிக்குப் போனது.

"ஏங்க, உங்க வேலை நிரந்தரமாகுதோ இல்லையோ, இந்தக் கறை நிரந்தரம்," என்றாள்.

மூன்று மணிக்கு இயந்திரம் சுழன்றது. குழு வந்தது, கை தட்டியது, படம் எடுத்துக்கொண்டு போனது. சுழற்சி நின்றது. கதவு திறக்கவில்லை.

"ஒருதரம் பூட்டிக்கிட்டா அப்புறம் தனிச் சாவி போட்டுத்தான் திறக்கணுமாம்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"குடுங்க."

"அது அன்பளிப்புல வராது. ஆர்டர் போடணும்."

குமாஸ்தா தாளை நீட்டினார். மொழிபெயர்ப்பாளரைத் தவிர யாருக்கும் புரியாத மொழி. மேலே ஒரு கோடு, பக்கத்தில் நீல முத்திரை. கீழே இன்னொரு கோடு, வெறுமையாக.

"பயனாளின்னு யாரைப் போடச் சொல்றது?" என்று அவரே கேட்டார்.

நோயாளி ஒருவரிடம் கொண்டுபோனார்கள். "முதுகுல மெத்தை ரெக்சின் ஒட்டிக்கிட்டு வருது. என்ன பயன்னு எழுத?" என்று திரும்பிப் படுத்தார். நர்ஸ், ஃபியூஸ் போய் இன்னும் சுற்றாத விசிறியைக் காட்டினார். மனைவியைக் கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

சலவைக்காரர் பேனாவை வாங்கினார். "நானே போடறேன். எனக்காவது வேலை நிலைக்கட்டும்." மேல் கோட்டில் பேனாவை வைத்தார்.

மொழிபெயர்ப்பாளர் சட்டென்று அவர் கையைப் பிடித்தார்.

"அண்ணே, அது பயனாளி இடம். மெஷின் கம்பெனிக்காரங்க அங்கேருந்தே முத்திரை போட்டு அனுப்பிட்டாங்க. நீங்க கீழ போடுங்க, நன்கொடை தந்தவர்ங்கற இடத்துல."