கைதட்டிக் காப்பவர்

மனிதர்களில் ஊக்குவிப்பவர் என்று ஓர் இனம் உண்டு. எல்லா இடத்திலும் இருக்கிறார்கள் என்றாலும் நன்றாகக் கொழுத்து வளர்வது ஆஸ்பத்திரிகளில்தான். அடையாளம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். கழுத்தில் அட்டை தொங்கும். கையில் ஃபைல் இருக்கும், ஃபைலுக்குள் ஒன்றும் இருக்காது. வார்டுக்குள் நுழையும்போதே "எப்படி இருக்கீங்க சிஸ்டர்?" என்று கேட்பார், அந்த நர்ஸ் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் "சூப்பர், சூப்பர்!" என்று சொல்லிக்கொண்டே அடுத்த வார்டுக்குப் போயிருப்பார். நர்சுகளின் மனம் சோர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்காக அவருக்குத் தனி அறையும் சுழல் நாற்காலியும் உண்டு.

இவ்வளவு விவரம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? பத்து வருஷமாக அந்த நாற்காலியில் சுற்றிக்கொண்டிருப்பவன் நான்தான்.

என் சாதனைகளைக் கேளுங்கள். மதியம் இரண்டு மணிக்கு டியூட்டி மாறும். யாருக்கு என்ன ஊசி போட்டாயிற்று, யாருக்குக் காய்ச்சல் ஏறுகிறது என்று போகிறவர் வருகிறவரிடம் ஒப்படைக்கிற நேரம் அது. இரண்டு டியூட்டி நர்சுகளும் ஒன்றாக அகப்படும் அந்த அருமையான நேரத்தைக் கண்டுபிடித்து, அதில் என் சொற்பொழிவை வைத்தேன். தலைப்பு, 'நோயாளியை ஒரு நிமிடமும் பிரியோம்'. முப்பத்தைந்து நிமிடம் பேசினேன். வார்டில் அழைப்பு மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு சிஸ்டர் எழுந்திருக்கப் பார்த்தார். "உக்காருங்கம்மா, முக்கியமான பாயின்ட்டு வருது" என்றேன். வந்ததா என்று எனக்கே ஞாபகமில்லை.

பல் தெரியச் சிரிக்கும் நர்ஸ் படம் ஒன்றை ஆளுயரத்துக்கு அச்சடித்து, வார்டு வார்டாக நானே ஒட்டினேன். ஒரு வார்டில் இடமில்லை, சுவரில் இருந்த ஏதோ ஒரு காகிதத்தின் மேல் ஒட்டிவிட்டேன். எந்தக் கட்டில்காரருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்கிற பட்டியலாம் அது. அவர்கள் மறுபடி உட்கார்ந்து எழுதினார்கள். என்ன ஈடுபாடு பாருங்கள்! அதற்கும், நான் வழக்கமாகக் கொடுக்கிற, சட்டையில் ஒட்டிக்கொள்ளும் நட்சத்திர வில்லை ஒன்று கொடுத்தேன்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஆண்கள் வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர் வேலையை விடுவதாக லெட்டர் கொடுத்துவிட்டார். முப்பது கட்டில்களைப் பதினெட்டு வருஷமாகக் கட்டி மேய்த்தவர். பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"அவங்க போனா இன்னும் ரெண்டு பேர் கூடவே போயிடுவாங்க. பாதி வார்டை மூட வேண்டியதுதான். வெள்ளிக்கிழமைக்குள்ள மனசை மாத்துங்க. அதுக்குத்தானே உங்களை வச்சிருக்கோம்?"

அன்று வீட்டில் மனைவியிடம் புலம்பினேன்.

"அந்தம்மா உங்ககிட்ட எதாவது கேட்டிருப்பாங்களே?" என்றாள்.

"கேக்கிற இடத்துல நான் இல்லம்மா. குடுக்கிற இடத்துல இருக்கேன்."

"என்ன குடுத்தீங்க?"

"கைதட்டல்."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஒரு பெரிய பூங்கொத்தோடு வார்டுக்குப் போனேன். சிஸ்டர் ஒரு பெரியவருக்கு ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற லாரி டிரைவர், எலும்பும் தோலுமாக இருந்தார். நான் கொத்தை நீட்டி, "சிஸ்டர், நீங்க வெறும் நர்ஸ் இல்ல..." என்று ஆரம்பித்தேன். கொத்தை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, காலியான என் கையில் மருந்து பாட்டிலைத் திணித்தார்.

"இதைப் பிடிங்க. உயரமா. இன்னும் உயரமா. இறக்குனீங்கன்னா குழாய்ல ரத்தம் ஏறிடும்."

"ஸ்டாண்டு இல்லையா?"

"இருக்கிறது நாலு. மூணுக்குக் கால் ஒடிஞ்சு போச்சு. ஜன்னல் ஓரம்னா கம்பியில கட்டி விட்டுடுவோம். நடுக் கட்டில்காரங்களுக்குச் சொந்தக்காரங்க பிடிச்சுக்குவாங்க. இவருக்கு யாரும் இல்ல சார்."

ஒன்றே கால் மணி நேரம் நின்றேன். பத்து வருஷ சர்வீசில் நான் ஒரு நோயாளிக்கு உபயோகப்பட்டது அன்றைக்குத்தான். அதுவும் ஒடிந்த கம்பிக்குப் பதிலாக!

"கை வலிக்குதா தம்பி? வேற ஆள் மாத்திக்கலாமே" என்றார் பெரியவர்.

"வேற ஆள் இல்லைங்கய்யா."

நின்ற இடத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சிஸ்டர் ஒருவரைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகைத் துடைத்தார். சாப்பிட மாட்டேன் என்றவரைத் திட்டி நாலு வாய் ஊட்டினார். டாக்டர் எழுதிய அளவில் ஒரு தப்பைப் பிடித்து போனில் பணிவாகச் சொல்லித் திருத்தினார். யாரும் ஊக்குவிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இவர் போய்விட்டால் இந்த முப்பது பேர் கதி என்ன என்று பயமாகவும் இருந்தது.

ஸ்டாண்டு கேட்டு நேராக ஸ்டோருக்கு ஓடினேன்.

"அஞ்சு மாசத்துக்கு முன்னாடியே எழுதிக் குடுத்துட்டாங்களே சார். பேப்பர் உங்க மேஜையிலதான் இருக்கு" என்றார் ஸ்டோர் கிளார்க்.

"என் மேஜையிலயா?"

"நர்சுங்க சம்பந்தப்பட்டது எல்லாம் உங்க கையெழுத்துக்கு வரணும்னு நீங்கதானே ஆர்டர் போட்டீங்க?"

இருந்தது. நட்சத்திர வில்லைப் பெட்டிக்கு அடியில். கையெழுத்துப் போட்டேன். சிஸ்டரிடம் போய் மன்னிப்பும் கேட்டேன், நம்புங்கள்.

"ஸ்டாண்டு வார்டுக்கு வந்து சேரட்டும் சார். வந்துட்டா லெட்டரைத் திரும்ப வாங்கிக்கிறேன்."

வியாழக்கிழமை புத்தம் புதிதாக ஆறு ஸ்டாண்டுகள் வந்து இறங்கின. லிஃப்டில் ஏற்றி மூன்றாவது மாடிக்கு அனுப்பியிருந்தால் தீர்ந்தது விஷயம். சாதாரண மனுஷன் அதைத்தான் செய்திருப்பான். நான் ஊக்குவிப்பவன் ஆயிற்றே! ஆறையும் கீழே கூட்ட அறையில் வரிசையாக நிறுத்தி, ஆறுக்கும் சிவப்பு ரிப்பன் கட்டி, போட்டோக்காரரை வரவழைத்து, வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு விழா வைத்தேன். இன்சார்ஜ் சிஸ்டர் கட்டாயம் வர வேண்டும் என்று மூன்று தடவை போன் செய்தேன்.

வந்தார். நான் பேசினேன். பத்து நிமிடம் என்று நினைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் பேசினேன். மேலே வார்டிலிருந்து ஒரு சிஸ்டர் ஓடிவந்து இன்சார்ஜ் சிஸ்டர் காதில் ஏதோ சொன்னார். அவர் எழுந்து மேடைக்கு வந்து, என் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கி, ஆறு ரிப்பனையும் மளமளவென்று வெட்டித் தள்ளினார். வந்திருந்த நர்சுகள் ஆளுக்கு ஒரு ஸ்டாண்டை உருட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். போட்டோக்காரர் அதையும் படம் எடுத்தார். நான் பலமாகக் கைதட்டினேன்.

வாசலில் சிஸ்டர் திரும்பினார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"மேல அந்தப் பெரியவர் பாட்டிலைத் தன் கையாலயே தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்காராம். கை சோர்ந்து ரெண்டு தடவை ரத்தம் ஏறிடுச்சாம். லெட்டர் அப்படியே இருக்கட்டும் சார்."

போய்விட்டார். அவரோடு இரண்டு பேரும் போனார்கள். பாதி வார்டு பூட்டிக் கிடக்கிறது. நான் இன்னும் சுழல் நாற்காலியில்தான் இருக்கிறேன். என்னை யாரும் போகச் சொல்லவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், தாராளமாக. ஆனால் நேற்று உங்கள் வீட்டில், இடுப்பில் அழுகிற குழந்தையும் கையில் ஈரத்துணி வாளியுமாக ஒருவர் உங்களைக் கடந்து போனபோது, "நீ மட்டும் இல்லன்னா இந்த வீடு என்ன ஆகும்!" என்று நெஞ்சு நெகிழ்ந்து சொன்னீர்களாமே. ரொம்ப நல்ல வார்த்தை. நானே அதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது.

அந்த வாளியை யார் மாடிக்குத் தூக்கிப் போனது?