நூகு மார்ட்டில் என்னைத் தெரியாதாம்

பேட்டை,
திருநெல்வேலி.

மதிப்பிற்குரிய நூகு அண்ணாச்சி அவர்களுக்கு, குமரகுருபரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் பிரம்மநாயகியும் மகள் பிருந்தாவும் சுகம். சென்னையில் மகள் தஸ்மியா வீட்டில் தாங்களும் சுகமாக இருப்பீர்கள். சுகம் என்று எழுதியது மரியாதைக்காக. உண்மையில் எனக்கு ரத்தம் கொதிக்கிறது, அதற்குக் காரணம் நீங்கள்தான்.

ஏழு கிளையோடு ஓகோவென்று நடந்த நூகு மார்ட்டை மதுரைக்காரருக்கு விற்றீர்கள். முழங்கால் வலி, சரி, ஒத்துக்கொள்கிறேன். அவர் முதல் வேலையாக வாசல் பெஞ்சைத் தூக்கினார். சண்டை போட்டேன். அவர் கடையைக் கோயம்புத்தூர்க்காரர் தலையில் கட்டினார். இவர் கருப்பட்டியை நிறுத்திவிட்டு ஐஸில் உறைந்த பட்டாணியைக் கொண்டுவந்தார். அவரிடமும் சண்டை போட்டேன். இப்போது ஏதோ ஒரு கம்பெனி. ஏழு கிளையில மிச்சம் நம்ம பேட்டை ஒண்ணுதான். பலகையில இன்னும் உங்க பேரு. உள்ள போனா ஷாம்பு இருக்கு, பினாயில் இருக்கு, உளுந்து கேட்டா கல்லாவுல இருக்க பொண்ணு 'ஆப்ல போடுங்க சார்'ங்கா. காலி அலமாரிக்கு ஏசி மட்டும் ஜில்லுனு ஓடுது!

அதுவும் போகட்டும். போன ஞாயிறு பிருந்தாவுக்கு நாங்குநேரியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. ஜாதகம் அமோகப் பொருத்தம். மாப்பிள்ளையின் அப்பா, எல்லாரும் செய்வது போல, வீட்டுக்கு வருமுன் தெருமுனை நூகு மார்ட்டில் விசாரிக்கப் போயிருக்கிறார். கல்லாவில் காதில் ஒயர் மாட்டிய அந்தப் பெண். "குமரகுருபரன்னு ரிட்டயர்டு ஹெட்கிளார்க், எப்படிப்பட்ட குடும்பம்மா?" என்று கேட்டாராம். "அவர் மொபைல் நம்பர் சொல்லுங்க" என்றாளாம். சொன்னாராம். தட்டிப் பார்த்துவிட்டு, "அப்படி யாரும் இல்லையே சார்" என்றாளாம்! முப்பத்தோரு வருசம் அண்ணாச்சி! இந்தத் தெருவுல நான் இல்லையாம்! ஒவ்வொரு தடவையும் அவ நம்பர் கேக்க, 'உனக்கு எதுக்குளா என் நம்பரு'ன்னு நான் குடுக்காம வந்தேன், அது வேற விஷயம்.

இதையெல்லாம் அந்த மனுசனே நம்ம வீட்டுக் காப்பியைக் குடிச்சிக்கிட்டே சொல்லுதாரு. "ஒங்கள யாருக்கும் தெரியலயே! யோசிச்சுச் சொல்லுதோம்"னு எந்திச்சுப் போயிட்டாரு. நாலு நாளாச்சு, போன் இல்லை. பிருந்தாவுக்கு இந்தத் தையில் முப்பது. அவள் என்னோடு பேசுவதில்லை. பிரம்மநாயகி பாத்திரங்களோடு மட்டும் பேசுகிறாள்.

உங்கள் காலத்தில் இப்படியா? முன்பு மூன்று சம்பந்தம் வந்தபோது, மூன்று பேரும் உங்கள் பெஞ்சில் உட்கார்ந்து அரைமணி நேரம் விசாரித்தார்களே! அவை தகையாதது கிரகக் கோளாறு. ஆகவே தாங்கள் இந்தக் கடிதத்தைத் தந்தியாக நினைத்து உடனே ரயிலேறி வந்து, நாங்குநேரியில் என்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். பெயரை விற்ற பாவத்துக்கு அதுதான் பரிகாரம்.

தஸ்மியாவையும் பேரப்பிள்ளைகளையும் மிகவும் கேட்டதாகச் சொல்லவும். முழங்காலுக்குத் தைலம் விடாமல் தடவவும்.

இப்படிக்கு,
மனம் நொந்த
குமரகுருபரன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் நாங்குநேரியிலிருந்து போன். சம்மதமாம்! "கடைக்கே தெரியாத அளவுக்கு வாய் தெறக்காத குடும்பம், இதத்தான் தேடிக்கிட்டு இருந்தோம்" என்கிறார். ஆகவே தாங்கள் வர வேண்டாம். கம்பெனி நன்றாக இருக்கட்டும். ஆனால் பிரம்மநாயகி அடுப்படியிலிருந்து ஒன்று கேட்கிறாள், எனக்கும் இப்போதுதான் உறைக்கிறது. உங்கள் பெஞ்சில் உட்கார்ந்த அந்த மூன்று பேரும், அங்கிருந்து எழுந்து நம் வீட்டுக்கு வரவே இல்லையே. அண்ணாச்சி, என்னைப் பற்றி அவர்களிடம் என்ன சொன்னீர்கள்?