தகராறின்மைச் சான்றிதழ்

மேன்மை பொருந்திய அலுவலகம் ஒன்றுக்கு நம்ம காண்ட்ராக்டர் மாடிப்படி கட்டிக் கொடுத்தார். மேஸ்திரி, அவருடைய மச்சான். வீட்டம்மாவின் சொந்தத் தம்பி. அதிகாரிகள் ஏறி இறங்கி முழங்கால் வலியே வந்துவிட்டது, பணம்தான் வரவில்லை.

"என் தம்பி கூலி முழுசா வராம சாப்பாட்டுப் பக்கம் வராதீங்க" என்றாள் வீட்டம்மா.

ஒருநாள் கணக்கு அதிகாரி அன்போடு அழைத்தார்.

"முழுப் பணமும் வாங்கிட்டேன், தகராறு எதுவும் இல்லைன்னு கையெழுத்துப் போடுங்க. பாதிப் பணம் தரேன்."

"மீதி?"

"போட்டாத்தான் அதைப் பத்திப் பேச முடியும்."

போட்டார். பாதி வந்தது. மீதியைப் பற்றிப் பேசப் போனார்.

"அதான் தகராறு இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டீங்களே?"

"அதுலதாங்க தகராறு."

அதிகாரி ஆடிப்போய்விட்டார். தகராறு உண்டா இல்லையா என்பதிலேயே தகராறு எழுந்துள்ளபடியால், ஒப்பந்தத்தின்படி நடுவர் ஒருவர் நியமிக்கப்பட்டார். மெத்தப் படித்தவர். அதே மாடிப்படியில் மூச்சிரைக்க ஏறி வந்து உட்கார்ந்தார்.

"தகராறு இல்லைன்னா எனக்கு வேலை இல்லை. வேலை இல்லைன்னா சம்பளம் இல்லை. ஆகவே தகராறு இருக்கு. உத்தரவு மத்தியானம்."

காண்ட்ராக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார்.

மத்தியானம் நடுவர் சம்பளம் வாங்கப் போனார். கணக்கு அதிகாரி அதே தகராறின்மைக் காகிதத்தை நீட்டினார். நடுவர் பழக்க தோஷத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். பாதிதான் கைக்கு வந்தது. பேயறைந்த முகத்தோடு திரும்பி வந்து உத்தரவை வாசித்தார்.

"படிச்சவன் ஏமாந்து கையெழுத்துப் போடமாட்டான். போட்டா மனசாரத்தான் போடுவான். ஆகவே இந்த அலுவலகத்தில் யாருக்கும் எந்தத் தகராறும் இல்லை."

"ஐயா, நான் ஏமாந்துதான் போட்டேன்."

"அப்படிச் சொன்னா நானும் ஏமாந்தவன்னு ஆயிடும். உட்காருங்க."

காண்ட்ராக்டர் உட்காரவில்லை, கிளம்பினார். போகிற போக்கில் கணக்கு அதிகாரியிடம் அந்தக் காகிதத்தில் ஒரு காலிப் படிவம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வீட்டில் மச்சான் காத்திருந்தான்.

"பாதிக் கூலி இந்தா மச்சான். முழுசா வாங்கிட்டேன்னு இதுல ஒரு கையெழுத்து."

"மீதி, மாமா?"

"நீ போடு, அப்புறம் பேசலாம்."

அவனும் போட்டான். காண்ட்ராக்டர் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார். மச்சான் தட்டில் சோறு குவிந்திருந்தது. அவர் தட்டில் ஒரு கரண்டி.

"என்ன இது, பாதி வயித்துக்குக்கூடக் காணாதே?"

வீட்டம்மா பேனாவை நீட்டினாள். "வயிறு நெறஞ்சுதுன்னு கையெழுத்துப் போடுங்க. மீதியைப் பத்தி அப்புறம் பேசலாம்."

"மச்சான், நீயே நடுவரா இருந்து நியாயத்தைச் சொல்லுப்பா."

மச்சான் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னான். "எனக்கு எந்தத் தகராறும் இல்லை மாமா. இப்பத்தானே எழுதிக் குடுத்தேன்."