தார் ஓடு காட்டுக்குப் போன கதை

இதில் எதையும் நான் நேரில் பார்க்கவில்லை. உர்ஹோவின் மனைவி கார்லா சொன்னது. அவர் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார், கழித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஹில்மாவின் சமையலறை, வீட்டோடு ஒட்டிக் கட்டியது. மூன்று குளிர்காலமாக அதன் கூரை ஒழுகியது. பனி உருகும்போதெல்லாம் அடுப்புக்குப் பக்கத்தில் வாளி வைப்பார். இந்த வருடம் அவர் கணவர் ஆர்விட் மாபெரும் முடிவெடுத்து, கூரைக்கு ஆணி வைத்து அடிக்கிற, தார் பூசிய அட்டை போன்ற தார் ஓடுகளை வாங்கி வந்தார். "நம்ம வீட்டுக்கு" என்றார். ஹில்மா அன்றைக்கு ஏலக்காய் ரொட்டி சுட்டுக் கொடுத்தார்.

உண்மையில் ஓடுகள், மான் வேட்டைக்கு ஆர்விட்டும் நண்பர்களும் தங்குகிற காட்டுக் குடிசைக்கு. அதுவும் ஒழுகியது. அங்கே ஒழுகியது ஆர்விட் படுக்கையின் மேல்.

நவம்பர் வந்தது. வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள் ஹில்மா கேட்டார்.

"என்னங்க, ஓடு எப்ப அடிக்கப் போறீங்க?"

"இந்தக் குளிர்லயா? தார் ஓடு ஒட்டணும்னா வெயில் வேணும். இப்ப அடிச்சா முதல் காத்துலயே அடுத்த வீட்டுக்குக் குடி போயிடும். வசந்தம் வரட்டும்."

"வசந்தத்துல மீன் பிடிக்கப் போயிடுவீங்களே."

"மீனுக்கும் கூரைக்கும் என்ன சம்பந்தம் ஹில்மா?"

"அதத்தான் நானும் மூணு வருஷமா கேக்கறேன். சரி, ஓடுங்கள எதுக்கு வண்டியில ஏத்தி வெச்சிருக்கீங்க?"

"பனியில நனையாம இருக்க. தார்ப்பாய் போட்டு மூடியிருக்கேன்ல."

"வண்டி காட்டுக்குப் போகுதே."

"அதுவும் கூட வந்துட்டுப் போகட்டும். இறக்கி ஏத்த இடுப்பு வலிக்குது."

"போகட்டும். இங்கயே கெடந்து அதுக்கும் சலிச்சிருக்கும்."

அன்று மாலை ஆர்விட்டும் வேட்டை நண்பர்களும் வழக்கம்போல, அவர்களில் ஒருவரான உர்ஹோ வீட்டு நீராவிக் குளியலறையில் உட்கார்ந்தார்கள். வண்டி ஆர்விட் வீட்டு வாசலிலேயே நின்றது. கார்லா வெளியே நின்று அதன் அடுப்பில் விறகு போட்டுக்கொண்டே இருந்தார். "இன்னும் கொஞ்சம் வேகுங்க" என்றார்.

மறுநாள் காட்டில், முதல் வேலையாகக் குடிசையின் பழைய கூரையைப் பிய்த்துப் போட்டார்கள். பிறகு ஆர்விட் வண்டியின் தார்ப்பாயை விலக்கினார். உள்ளே விறகு. அழகாக அடுக்கிய விறகு.

உர்ஹோ ஒரு கட்டையைக் கையில் எடுத்தார். "இத அடிக்கணுமா, எரிக்கணுமா?"

அதற்குள் பனி கொட்டத் தொடங்கியது. கூரையில்லாத குடிசையில் யார் தங்குவது? எங்கள் ஊரில் மானைப் பார்க்காமலே அவ்வளவு சீக்கிரம் திரும்பிய வேட்டைக்காரர்கள் கிடையாது.

காட்டுப் பனி இன்னும் ஊருக்கு வரவில்லை. ஆர்விட் வீட்டு வாசலில் வண்டி நின்றபோது சமையலறைக் கூரை மேல் நாலு பெண்கள். கார்லா இடுப்பில் ஆணிப்பை. ஹில்மா கடைசி வரிசை ஓடுகளை அடித்துக்கொண்டிருந்தார்.

"யாரக் கேட்டு இத அடிச்ச?"

"நம்ம வீட்டுக்குன்னுதானே வாங்குனீங்க? வேற யாருக்காவதா?"

ஆர்விட் நண்பர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் கூரை மேலிருந்த தங்கள் மனைவிகளைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள்.

"நம்ம வீட்டுக்குத்தான்" என்றார் ஆர்விட். "ஆனா குளிர்ல ஒட்டாதே."

"ஒவ்வொண்ணுக்கும் அடியில தார்ப்பசை தடவி ஒட்டியிருக்கோம். ஓட்டுக் கட்டு மேலயே எழுதியிருக்கு, குளிர்ல அடிச்சா அப்படிச் செய்யணும்னு. அந்த ஏணியக் கொஞ்சம் புடிங்க, எறங்கணும்."

பிடித்தார்.

குடிசைத் திட்டம் ஹில்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்பதைக் கார்லா சொல்லவில்லை. பிறகு நானே உர்ஹோவையும் மற்ற இரண்டு நண்பர்களையும் தனித்தனியாகக் கேட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை, மனைவியிடம் மட்டும்தான் சொன்னேன் என்றார்கள், மூவரும்.