ஜெர்மனியிலிருந்து வந்த நாற்காலி

வாயைத் திறந்தபடியே தபால்காரர் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்.

பல் டாக்டரின் நாற்காலிக்கு அதுதான் வியாதி. ஆளை உட்காரவைத்து உயர்த்தினால் சற்று நேரம் நிற்கும்; பல்லைத் துளைக்கிற நேரம் பார்த்து மெல்ல இறங்கத் தொடங்கும். டாக்டர் முதலில் குனிவார், பிறகு மண்டி போடுவார். பல்லை அடைத்து முடிக்கும்போது இரண்டு பேரும் ஏறக்குறையத் தரையில் இருப்பார்கள்.

தபால்காரரைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு டாக்டர் வெளியே வந்தார். வரவேற்பு மேஜையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். கிளினிக்கின் சாவிக்கொத்து, டெலிபோன், டாக்டரின் நிம்மதி எல்லாமே அந்த மேஜையில்தான் இருந்தன.

"ஏங்க, புது நாற்காலிக்குச் சொல்லிட்டீங்களா, இல்லையா?"

"சொல்லியாச்சு," என்றார் டாக்டர்.

சொல்லவில்லை. நாற்காலிக்கென்று ஒதுக்கியிருந்த பணத்தை எடுத்து அவர் ஒரு கார் வாங்கிவிட்டார்.

லேசுப்பட்ட கார் அல்ல. இரண்டே கதவும் சரிந்த முதுகுமாக, ஒரு காலத்தில் பெரிய மனிதர்கள் மட்டுமே ஏறிய ஜெர்மன் கூபே. டாக்டர் பிறந்த சமயத்தில் செய்தது. அவருக்கு வழுக்கை விழுந்து தொப்பையும் போட்டுவிட்டது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கரும்பச்சை உடம்பில் ஒரு கீறல் கிடையாது. லெதர் சீட்டில் ஒரு சுருக்கம் கிடையாது.

விற்றவர், கடைவாய்ப் பல் வலியோடு வந்த மரக்கடைக்காரர். பேரமே அந்த நாற்காலியில்தான் நடந்தது. வாயில் பஞ்சை அடைத்துவிட்டு அப்புறம் கேள்வி கேட்பது டாக்டரின் வழக்கம். இன்ஜின் நன்றாக இருக்கிறதா என்றார். மரக்கடைக்காரர் "ஆ" என்றார். துரு ஏதாவது உண்டா என்றார். "ஆ ஆ" என்றார். முதலாவது ஆமாம், இரண்டாவது இல்லை. இத்தனை வருஷத் தொழிலில் அந்தப் பாஷை டாக்டருக்கு அத்துப்படி. வண்டி நின்ற வாடகை ஷெட்டையும் அப்படியே டாக்டர் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, மனிதர் வீங்கிய கன்னத்தோடு போய்ச் சேர்ந்தார்.

நாற்காலி எங்கிருந்து வருகிறது என்று மனைவி கேட்டாள். ஜெர்மனியிலிருந்து, கப்பலில் என்றார். பாதியாவது உண்மை பேசினோமே என்று மனசு கொஞ்சம் ஆறியது.

அந்த ஆறுதல் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. போனில் கூப்பிட்ட ஒவ்வொருவரிடமும் மனைவி ஜெர்மன் நாற்காலியைப் பற்றிப் பெருமையடித்தாள். கேட்டவர்கள், அது வந்த பிறகே வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். பல்லைப் பிடுங்க வந்த வாத்தியார்கூட, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசலோடு திரும்பிப் போனார். கிளினிக் ஈயாடியது.

வேலை இல்லாத டாக்டர் மத்தியானங்களில் ஷெட்டுக்குப் போக ஆரம்பித்தார். வண்டியை வெளியே எடுக்க வழியில்லை. ஊரில் பாதிப்பேர் அவர் கைபட்ட பல்லோடு திரிகிறவர்கள். யாராவது ஒருவர் பார்த்தால் போதும், சேதி மேஜைக்கு வந்துவிடும். அதனால் கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே உட்கார்ந்திருப்பார். நல்ல வளைவு வந்தால் லேசாகச் சாய்ந்துகொள்வார்.

ஒருநாள் மனைவி அவர் சட்டையை முகர்ந்து பார்த்தாள். அது என்ன வாசனை என்றாள்.

டாக்டர் தடுமாறாமல், புது நாற்காலியின் லெதர் என்றார். லெதரில் செய்தால் நோயாளிகள் கொப்பளித்துத் துப்புகிற தண்ணீர் பட்டு நாறிப்போகாதா என்று அவள் கவலைப்பட்டாள். உடனே கம்பெனிக்குப் போன் செய்து ரெக்சினில் மாற்றித் தரச் சொல்லப் போவதாக நம்பரைக் கேட்டாள். இல்லாத கம்பெனிக்கு நம்பர் எங்கே போவது? டாக்டருக்கு வியர்த்துவிட்டது.

"இனிமே மாத்த முடியாதும்மா. வந்து இறங்கிருச்சு. ஒரு ஷெட்டுல வச்சிருக்காங்க."

அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வாங்க, பாத்துட்டு வந்துரலாம்."

வழி நெடுக டாக்டர் ஒரு பொய்யைத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. ஷெட்டின் இரும்புக் கதவைத் திறந்தபோது, கரும்பச்சை வண்டி மத்தியான வெளிச்சத்தில் பளபளவென்று நின்றது.

மனைவி அதைச் சுற்றி வந்தாள். கண்ணாடி வழியாக உள்ளே குனிந்து பார்த்தாள்.

"நான் ஒரு நாற்காலிதான் கேட்டேன். நீங்க நாலு வாங்கிருக்கீங்க."

டாக்டர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மரக்கடைக்காரர், பஞ்சு, கப்பல், ஒன்று பாக்கி வைக்கவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை சொத்தையையே பார்த்துப் பார்த்து வெறுத்துப்போனவனுக்கு, துளி சொத்தை இல்லாத ஒன்றைப் பார்த்ததும் புத்தி கெட்டுவிட்டது என்றார்.

அவள் கத்தியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். கத்தவில்லை.

"வண்டி வாங்கினது எனக்குப் பெருசில்லங்க. இத்தனை நாள் தினம் எதிர்ல உக்காந்து சாப்பிட்டீங்களே, எப்படிச் சொல்லாம இருக்க முடிஞ்சுது?"

டாக்டருக்கு வெட்கமாக இருந்தது, அவள் இனி தன் ஒரு சொல்லையும் நம்பமாட்டாளோ என்று பயமாகவும் இருந்தது. நாளைக்கே விற்றுவிடுகிறேன் என்றார். உலகத்தில் இப்படியொரு முட்டாள் புருஷன் தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டார். அதை அவள் மறுக்கவில்லை.

விற்பதென்றால் என்ன ஏது என்று பார்க்க வேண்டாமா? கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். சீட்டைத் தடவினாள். ஸ்டியரிங்கை ஒட்டியிருந்த மரப் பலகையில் விரலை ஓட்டினாள். அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டாள்.

இரும்புக் கதவு திறந்திருப்பதைப் பார்த்து ஷெட்டுக்குச் சொந்தக்கார அம்மாள் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். டாக்டரின் மனைவி கண்ணாடியை இறக்கி, வாங்க வருகிறவர்கள் கேட்பார்களே, இத்தனை வருஷமாக இந்த வண்டி எப்படி இவ்வளவு புதுசாகவே இருக்கிறது என்று விசாரித்தாள்.

"கெட்டுப்போறதுக்கு எங்கம்மா வழி? எனக்குத் தெரிஞ்சு இத வாங்குன அத்தனை பேரும் வீட்டுக்குத் தெரியாமத்தான் வாங்குனாங்க, வெளிய எடுக்கப் பயந்து உள்ளயே உக்காந்துட்டுப் போவாங்க. இதுல ஏறி உக்காந்த ஓனரம்மா நீங்க ஒருத்தர்தான்."